செல்வியின் கருவிழி

7.10.2005, வெள்ளி

காலையிலிருந்து தூறல். சுடிதார் காயவில்லை. ஈரத்தோடு வேலைக்கு.

மத்தியானம், ரூமில் என்னோடு இருக்கிற செல்வி கண்ணில் இரும்புப் பொடி தெறித்துவிட்டது. பிசிறு தேய்க்கிற மெஷினில் இருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை. கொடுத்தால்தானே போட! ஆடிட் வந்தால் மட்டும் பீரோவைத் திறப்பார் சூப்பர்வைசர். ஆடிட்காரர்கள் கார் ஏறியதும் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவிடுவார்.

"இன்னாம்மா, தூசிதான? கழுவிக்கினு வா, லைன் நிக்குது பாரு."

கழுவிவிட்டு வந்து ஷிப்ட் முடியும்வரை நின்றாள், பைத்தியக்காரி.

8.10, சனி

செல்விக்குக் கண்ணே திறக்க முடியவில்லை. இரண்டு பேரும் லீவ். வாலாஜாபாத் கண் டாக்டர் பொடியை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டார். "கருவிழியில கீறல் இருக்கும்மா. தழும்பாச்சுன்னா பார்வை மங்கும்."

கருவிழி. பிளஸ் டூ ஆண்டு மலரில் நான் எழுதிய கவிதையில் மூன்று இடத்தில் வரும். கறுப்பு, அழகு, அவ்வளவுதான் அப்போது. டாக்டர் சீட்டில் படம் போட்டுக் காட்டினார். கறுப்புக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல். அதைத்தான் அவர் கருவிழி என்கிறார். என் கவிதையைக் கிழித்துப் போட வேண்டும்.

9.10, ஞாயிறு

சோப்பு, ரசப்பொடி, சொட்டு மருந்து. மழை.

செல்வி ஒற்றைக் கண்ணோடு வெங்காயம் உரிக்கிறாள். திட்டினேன். "ஏட்டி, எங்கம்மாட்ட போன்ல சொல்லிராத. வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவா." அழுதாள். மருந்து வீணாகிறதே என்று அதற்கும் திட்டினேன்.

10.10, திங்கள்

நாளை ஆயுத பூஜை. கம்பெனியில் இன்றே படையல். மெஷினுக்கெல்லாம் சந்தனம், வாழைக்கன்று. சாமி படத்துக்கு முன்னால், கவர் பிரித்து வரிசையாக அந்தக் கண்ணாடிகள்! ஒவ்வொன்றிலும் சரியாகக் கருவிழி வருகிற இடத்தில் குங்குமம் வைத்தார் சூப்பர்வைசர்.

"சார், செல்விக்குக் கருவிழியில கீறலாம்."

"அதான் தூசின்னு அன்னிக்கே சொன்னேனே. இந்தா, பொரி எடுத்துக்க."

பொரியை அவர் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

13.10, வியாழன்

செல்விக்குக் கட்டு நாளைதான் பிரிக்கிறார்கள். அவள் மெஷினில் இன்று என்னைப் போட்டார்கள்.

நேராகச் சாமி படத்துக்கிட்டே போய், இன்னும் எடுக்காமல் கிடந்த கண்ணாடிகளில் ஒன்றை எடுத்தேன். துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

"ஏய், சாமிக்கு வெச்சது அது! கழட்டு!"

"சாமியா சார் மெஷின் ஓட்டுது?"

பிறகு எனக்குப் பின்னால் நிற்கிற லூர்து மேரி போய் ஒன்று எடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி.

குங்குமம் முழுசாகப் போகவில்லை. எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. கழற்றாமலே ஓட்டினேன்.