அக்காவின் செல்கள்

மார்ச் 3
இன்று ஆய்வகத்தில் சிப்பின் மேல் அக்காவின் செல்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்றதும் கையை நீட்டித் துளி தோல் கொடுத்தவள் அவள்தான். அதை இதயத் தசைச் செல்களாக மாற்றி வளர்த்திருக்கிறோம். சிப் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். தலைமுடியெல்லாம் அவற்றின் முன் தேர்வடம். செல்லைக் கொல்லாமல் உள்ளே நுழைந்து அதன் மின்துடிப்பைக் கேட்கும்.
"என் மனசுல இருக்கறதையும் கேக்குமா?" என்றாள் போனில்.
"அதுக்கு இந்த ஊசி பத்தாதுக்கா."

மார்ச் 4
திரையில் துடிப்பின் கோடு சரியில்லை. துடித்தபின் செல் அடங்க ரொம்ப நேரம் எடுக்கிறது. ஊசிக் கோளாறாக இருக்கும்.

மார்ச் 9
புது சிப். அதே கோடு. பக்கத்திலேயே வேறொருவரின் செல்கள் ஒழுங்காகத் துடிக்கின்றன.
ஊசியில் கோளாறு இல்லை.
அக்காவிடம் என்ன சொல்வேன்?

மார்ச் 10
பேராசிரியர் திரையை வெகுநேரம் பார்த்தார். "இத வச்சு நோய்னு சொல்ல முடியாது. ஆனா நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."
அக்கா சிரிக்கிறாள். "தினம் நீச்சலடிக்கிறேன், எனக்கென்னடி?"

மார்ச் 11
ஈசிஜியிலும் அதேதான். எனக்கும் எடுத்தார்கள், எனக்கு இல்லை.
"வீட்ல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" என்றார் டாக்டர்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
அம்மா. சண்டையில் அப்பா கத்தினார், அம்மா சரிந்து விழுந்தாள். "நீதான் கொன்னே" என்ற அக்கா அதன்பின் அவரோடு பேசவேயில்லை. நான் பேசினேன், ஆனால் உள்ளுக்குள் நானும் அதைத்தான் நம்பினேன்.
அம்மாவைப் பற்றிச் சொன்னதும் டாக்டர், "இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது. அம்மாவுக்கும் இருந்திருக்கலாம். இருந்திருந்தா, இதயம் நிக்க ஒரு காலிங் பெல் சத்தமே போதும்."
அப்போ அப்பா? இத்தனை வருஷமா தனியா, அந்த ஒத்த ரூம்ல — ஐயோ, என்ன பண்ணிட்டோம்.

மார்ச் 12
அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவைப் பற்றியும். "அக்காவுக்கு இப்ப வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 20
அக்காவின் தோளுக்குக் கீழே கருவி வைத்துவிட்டார்கள். துடிப்பு தடுமாறினால் அதுவே பார்த்துக்கொள்ளும்.
அப்பா வந்திருந்தார். அறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.
"வெளிய உக்கார எதாவது இருக்கா?" என்றாள், திரும்பாமலே.
"இல்ல."
"முட்டி வலிக்காரரு. உள்ள வந்து உக்காரச் சொல்லு."