இடது பக்கம் உறுத்துகிறது

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டது. போன தடவை வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, சீழ் வைத்த கட்டி. எந்த இடம் என்று இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை. உட்காரும்போது நாற்காலியில் படும் இடம், இடது பக்கம். போதும்.

மற்றவர்களுக்கு வந்தால் நின்றே சமாளிக்கலாம். எனக்கு உத்தியோகமே உட்காருவதுதான். நாற்காலி செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவு. புது நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்து, முதுகுக்கு எப்படி, தொடைக்கு எப்படி என்று அறிக்கை எழுத வேண்டும். இதற்கு ஒரு பட்டம் கேட்டார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அப்பா வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர், ஏணியிலேயே ஆயுசைக் கழித்தவர். "நம்ம வம்சத்துலயே உக்காந்து சம்பளம் வாங்கற மொத ஆளு" என்று தெருவில் ஒருவரையும் விடாமல் சொல்லி வைத்திருக்கிறார்.

ஏப்ரல் கடைசியில் நிரந்தரமா, வீடா என்று தெரியும். அதுவரை உட்கார்ந்தாக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

நாற்காலியை வடிவமைப்பவருக்கு ஆபீஸில் பஞ்சு சார் என்று பெயர். கையில் எப்போதும் கொஞ்சம் நுரைப்பஞ்சை வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பார். இந்த நாற்காலிக்காக வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார். நான் எழுதினேன்: இடது பக்கம் உறுத்துகிறது. பொய் இல்லையே?

"இடது பக்கம் மட்டுமாம்மா?"

"ஆமா சார்."

"வலது?"

"ரொம்ப நல்லாயிருக்கு சார்."

காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிப் போவது போல நாற்காலியைத் தூக்கிப் போனார்.

அம்மாவுக்கு இது சூடு. நாள் பூரா உட்கார்ந்தே இருந்தால் சூடு எங்கேதான் போகும் என்கிறாள். ஓரிடத்தில் நிற்காத என் தங்கைக்கும் அக்குளில் வந்திருக்கிறதே என்றேன். அது ஓடி ஓடி வந்த சூடாம்.

மார்ச் 10, திங்கள்

இதுவரை ஒரு தோழிக்கு என்று சொல்லித்தான் மருந்துக்கடையில் களிம்பு வாங்கினேன். போன வாரம் கடைக்காரர், "உங்க ஃப்ரெண்டு இப்ப உக்கார்றாங்களா?" என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் அந்தக் கடைக்குப் போக முடியாது. ஆகவே டாக்டரம்மா.

வீட்டில் எத்தனை பேர் என்றார். நாலு. துண்டு எத்தனை?

"ஒண்ணு. ஆனா பெரிய துண்டு டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சூடெல்லாம் இல்லையாம், கிருமி. யாராவது ஒருத்தர் மூக்குக்குள் அது சொகுசாகக் குடியிருக்குமாம். குடிவைத்தவருக்கு ஒரு பரு கூட வராமல் மற்றவர்களைப் படுத்துமாம். எல்லார் மூக்கையும் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

மார்ச் 14, வெள்ளி

அப்பா.

உடம்பில் ஒரு சிரங்குகூட வராத அப்பா. "என் மூக்கா?" என்று கேட்டு மூக்கைத் தடவிக்கொண்டார், யாரோ பழி போட்ட பிள்ளையைத் தடவுவது போல. பிறகு அம்மாவிடம், "படிக்க வச்சதுக்கு அப்பன் மூக்குலயே குத்தம் கண்டுபிடிச்சுட்டான்னு அவகிட்ட சொல்லு" என்றார். நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவும் திரும்பி அதை அப்படியே சொன்னாள்.

மார்ச் 16, ஞாயிறு

டாக்டரம்மா சொன்னபடி இன்று ஆரம்பம். எல்லாருமே ஒரே சமயத்தில் மூக்குக்குக் களிம்பு போட வேண்டும், மருந்துத் திரவம் தேய்த்துக் குளிக்க வேண்டும். படுக்கை விரிப்பெல்லாம் வெந்நீரில் போட்டாயிற்று. நகம் வெட்டியாயிற்று. ஆளுக்கொரு நிறத்தில் துண்டு. அப்பா குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து கொடியின் முன்னால் நின்றார். நீலம் உங்களுடையது என்றோம். தலையை நீலத்தில் துவட்டினார், காலை மஞ்சளில் துடைத்தார். மஞ்சள் என்னுடையது.

கோபமில்லையாம். அது காய்ந்திருந்ததாம்.

மார்ச் 24, திங்கள்

மருந்தெல்லாம் முடிந்தும் தங்கைக்குப் புதிதாக ஒன்று. எனக்கும் பழைய இடத்தில் முணுமுணுவென்று வலிக்கிறது. எல்லாரும் போனோம். களிம்பை எப்படிப் போட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. அம்மா பெருமையாகச் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். வீணாகக் கூடாதென்று எங்கள் எல்லாருக்கும் அவளே போட்டுவிட்டிருந்தாள். எனக்கு அது விநோதமாகவே படவில்லை, நானும் பட்டதாரிதான்.

"ஒரே விரலாலயா?"

"ஆமா டாக்டர். மொதல்ல இவருக்கு. வீட்டுக்குப் பெரியவராச்சே. அப்புறம் பெரியவ, சின்னவ, கடைசியா நானு."

டாக்டரம்மா அந்த விரலைத் தொடாமல் பேனாவால் சுட்டிக்காட்டி விளக்கினார். அப்பாவின் கிருமியை மரியாதை வரிசை தப்பாமல், காலையும் மாலையும் வீடு முழுக்கப் பரிமாறியிருக்கிறோம்.

"நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலையே" என்றாள் அம்மா.

மார்ச் 25, செவ்வாய்

முதலிலிருந்து. ஆளுக்கொரு பஞ்சுக் குச்சி. அம்மாவின் விரலுக்கு ஓய்வு.

ஏப்ரல் 3, வியாழன்

அறிக்கை: இடது பக்கம் உறுத்துகிறது, முன்பைவிடக் குறைவு.

பஞ்சு சாருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சொன்னதை வைத்து இடது பக்கம் கொஞ்சம் செதுக்கியிருக்கிறார். பலன் தெரிகிறது என்று இன்னும் செதுக்கப் போனார். சொல்லியிருக்கலாம். எப்படி? ஒரு ஆம்பளைகிட்ட போய், சார், எனக்கு... சீ. வாய் வரை வந்தது, திரும்பிப் போய்விட்டது.

மேலாளர் வேறு வந்து, இந்த நாற்காலி என் அறிக்கையில் தேறாமல் வெளியே போகாது என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை நிரந்தரம் ஆக்குவதும் அவர்தான்.

ஏப்ரல் 12, சனி

வீட்டில் யாருக்கும் புதிதாக ஒன்றும் வரவில்லை. அப்பாவின் மூக்கை மறுபடி சோதித்தார்கள், கிருமி இல்லை. என்னிடம் நேரடியாகவே பேசினார்: "மூக்கு பாஸ்." தெருவிலும் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 16, புதன்

வலி சுத்தமாக இல்லை. ஆசை ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். படகு போல இடது பக்கம் சாய்ந்தேன். என் கட்டிக்காகவே தோண்டிய பள்ளம். அது குடியிருக்க இடம் தயார், ஆளைத்தான் காணோம்.

பஞ்சு சார் பரீட்சை முடிவுக்கு நிற்பவர் போல நின்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று ஓடி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"சார், நாற்காலியில தப்பே இல்ல. எனக்குக் கட்டி இருந்துச்சு. ஆறிடுச்சு."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. கிடங்குக்குப் போய், முதலில் செய்ததில் செதுக்காமல் வைத்திருந்த இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தேன்.

"ஒண்ணுமே தெரியல சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்தவருக்கு நாற்காலி இருப்பதே தெரியக் கூடாது, அதற்குத்தானாம் இத்தனை வருடமும்.

ஆனால் இத்தனை வாரம் ஏன் வீணானது என்று மேலாளர் கேட்பாரே. சார் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலை போச்சு.

ஏப்ரல் 22, செவ்வாய்

பள்ளம் வைத்த நாற்காலியைக் காணோம். மேலாளர் தன் அறைக்கு எடுத்துப் போயிருக்கிறார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி. அந்த நாற்காலியை மட்டும் ஒடைச்சுடாதீங்க" என்றாராம். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லையாம். இவ்வளவு இதமான நாற்காலி கம்பெனி இதுவரை செய்ததில்லை என்கிறாராம்.

பஞ்சு சாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் நாற்காலி மூலைக்குப் போயிருந்தது; பள்ளமும் இப்போது போதவில்லை போலிருக்கிறது. மேஜைமேல் கையை ஊன்றி நின்றபடி என் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். நீட்டினார், ஆனால் விடவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த டாக்டர் எங்க இருக்காங்கம்மா? எனக்கில்ல. ஒரு ஃப்ரெண்டுக்கு."

விலாசம் சொன்னேன். அதோடு கிளம்பியிருக்கலாம். எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் சொல்லாமலே, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அவங்க வீட்டுல எத்தனை பேரு சார்?" என்றேன்.