அர்ஜென்டினாவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பாசமுள்ள மாப்பிள்ளைக்கு,

பேசாமல் இருந்தது போதும். நீங்கள் உயிரோடிருந்தபோது இருபத்தாறு வருஷம், போன பிறகு எட்டு மாதம். இனியும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அறந்தாங்கி கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது, பந்தடிக்க முன்னால் வந்த என்னைக் காட்டி, கேப்டன் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இவன் எம்.ஏ. படிச்சவன், யோசிச்சுக்கிட்டே நிப்பான். அங்கிட்டு ஒக்காரச் சொல்லுங்கடா." மைதானமே சிரித்தது. பிறகு என் தங்கையையே கட்டிக்கொண்டீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே உங்கள் வாசற்படியை நான் மிதிக்கவில்லை. உங்கள் சாவுக்குக்கூடத் தெருப்பந்தலோடு திரும்பினேன்.

நேற்று உலகக் கோப்பை இறுதிப்போட்டி. உங்கள் அர்ஜென்டினாவும் பிரான்ஸும். அர்ஜென்டினா தோற்கவேண்டும் என்று காலையிலேயே வேண்டிக்கொண்டேன். உங்களைப் பழிவாங்க எனக்கு வேறு வழி ஏது?

உங்கள் சேக்காளிகள் கடைத்தெருவில் உங்கள் படத்தோடு அர்ஜென்டினாவுக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர் உங்கள் சாவுக்கு அடித்த பேனரையே எடுத்து ஆட்களை மட்டும் சேர்த்திருக்கிறார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் நீங்கள். சுற்றிலும் நீலக்கோடு போட்ட சட்டையில் பதினோரு பேர்.

டீக்கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னங்க, ஆட்டமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள பதினோரு பேரையும் பாடையில ஏத்திட்டீங்க?"

எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்தது? "எங்க மாப்ள செத்தும் செயிப்பாரு, பாத்துக்கிருங்க!" என்று கத்திவிட்டேன். காய் வாங்க வந்த தங்கை பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை.

"அப்ப வீட்டுக்கு வாங்கண்ணே," என்றாள். "அவுக இல்லாம ஒத்தையில அந்த ஆட்டத்தப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

எப்படி மறுப்பேன்?

வந்தேன், மாப்பிள்ளை. உங்கள் நாற்காலியைக் காட்டினாள். நான் தரையில் உட்கார்ந்தேன். ரெண்டு கோல் போட்டு முன்னால் இருந்த உங்கள் ஆட்கள் கோட்டைவிட்டு, மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றார்கள். பெனால்டி! தங்கை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"யோசிக்காம அடிங்கடா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தியது யார் தெரியுமா? நான்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உங்கள் காரியத்துக்குப் பிறகு அவள் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். கோப்பையும் உங்களுக்குத்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு உங்கள் வீட்டில். அவளை ஒத்தையாக விடமாட்டேன், இது சத்தியம். ஆனால் உங்களை மன்னித்துவிட்டதாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 'இப்படிக்கு, உங்கள் மச்சான்' என்று போட்டால் சமாதானம் ஆகிவிட்டதாக அர்த்தம். அதனால் உங்கள் வீட்டு விலாசத்துக்கே மொட்டைக் கடிதமாகத் தபாலில் போடுகிறேன். என் கையெழுத்தை அவள் கண்டுபிடித்தால், பிடிக்கட்டும்.