வாய் என்னுடையது, பேர் அவனுடையது

என் வீட்டு மகாராணிக்கு,

நீயும் அம்மாவும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நானும் சுகம்தான், வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. அது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை, பொறாமை. இந்த வயதில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

என் அறையில் தங்கி, என்னோடு கடைப் போர்டு எழுதினானே மொட்டை, அவன் இப்போது பெரிய ஓவியனாகிவிட்டான். அவன் கண்காட்சிக்குப் போனேன். வாசலிலேயே, நான் வாயைப் பிளந்து தூங்குகிற படம்! ஒரு பணக்கார அம்மாள் அதை வாங்கி அவன் கையைக் குலுக்கினாள். நான் பக்கத்தில் நின்று வாயைத் திறந்துகூடக் காட்டினேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

"என்னண்ணே, மூஞ்சி சுருங்குது?" என்றான் மொட்டை.

"உனக்குப் பேரு வாங்கிக் குடுத்த மூஞ்சிடா. சுருங்கும், விரியும், உனக்கென்ன?" என்றேன்.

அவனைவிட என் கோடு நேராக வரும், அது உனக்கே தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் அடுத்தவன் கடைப் பேரைத்தானே எழுதினேன்? அவன் தனி வீடு பார்த்துப் போய்விட்டான். என் குறட்டையைத் திட்டக்கூட இப்போது ஆளில்லை.

உன் போட்டோ ஒன்று அனுப்பு. ஜோடிக்காமல், சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி. நானும் ஒரு படம் போட்டுப் பார்க்கிறேன். கூடவே ஒரு வெள்ளைச் சட்டையும் அனுப்பு. வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது, இத்தோடு முடிக்கிறேன்.

உன் புருஷன்

பின்குறிப்பு: சட்டை எதற்கென்று கேட்பாய். நம் போர்டு பெயிண்ட் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும். அவன் பெயிண்ட் காய மாதக்கணக்காகுமாம். அது தெரியாமல் கண்காட்சியில் அந்தப் படத்தில் சாய்ந்து நின்றேன். என் வாய் இப்போது என் சட்டை முதுகில் இருக்கிறது.