நாலாவது லாக்

தூத்துக்குடி
3.2.2025

அத்தானுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கோர்ட்டில் முடியும்வரை இதுவே இருக்கட்டும். போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் கரைவலை மீடியாவுக்கு ஏழு வயது நிறைந்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கடிதம் போடுகிறோம். முதல் வருஷம் லைட்டையும் ஸ்டாண்டையும் உங்கள் லாரியில்தானே ஏற்றிக்கொண்டு அலைந்தோம்? அதை மறைக்க மனமில்லை. திரேஸ்புரத்து மீன்காரப் பெண்களைப் பற்றி எடுத்த படம் சென்னையில் பரிசு வாங்கியது. காயல்பட்டினத்துக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்க சக்கீனா என்று ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். அவள் வந்தபின் மூச்சுவிட நேரமில்லை. கண்டெய்னர் யார்டு டிரைவர்களுக்காக எடுத்த பாதுகாப்புப் படத்தை இன்னும் இரண்டு யார்டுகள் கேட்டிருக்கின்றன.

மார்ச் 18 காலை பத்தரைக்கு கோர்ட். இருவரும் வந்து சம்மதம் சொன்னால் விவாகரத்து முடிந்துவிடும். போன தடவை மாதிரி லோடு இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

அனுசியா


மாப்பிள்ளையூரணி
16.2.2025

அனுசியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரொம்பச் சந்தோஷம். பரிசு வாங்கிய படத்தை நான் பார்க்கவில்லை. பாதுகாப்புப் படத்தைப் பதினான்கு தடவை பார்த்துவிட்டேன். மாசாமாசம் யார்டு பாஸ் புதுப்பிக்கும்போது உட்காரவைத்துப் போடுகிறார்கள், எழுந்து போகவும் முடியாது. முதல் தடவை உன் குரல் கேட்டதும் பக்கத்து வண்டி டிரைவர் ரோச், "ஏலே, ஒன் வீட்டுக்காரில்லா பேசுதா! இங்கயும் விடமாட்டாளா?" என்றான். ரூமே சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

போன வாரம் கதை வேறு. கிரேன் கண்டெய்னரைத் தூக்குவதற்கு முன்னால், அதை வண்டியோடு பிடித்திருக்கும் நாலு லாக்கையும் திறக்க வேண்டும். திறந்தேன், நாலும் திறந்த மாதிரிதான் தெரிந்தது. கேபினில் ஏறப்போனேன். "கண்ணால பாத்தா போதாது, தொட்டுப் பாருங்க" என்று நீ சொல்வது காதில் விழுந்தது. அலுத்துக்கொண்டே சுற்றிவந்து தொட்டேன். பின்னால் இடது பக்கம், நாலாவது லாக் பாதியில் நின்றிருந்தது. அப்படியே விட்டிருந்தால் கிரேன் பெட்டியோடு வண்டியையும், வண்டியோடு என்னையும் தூக்கியிருக்கும்.

அதை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் கேபினில் ஏறினேன். உன்னால் உயிரோடு இருக்கிறேன், அனுசியா.

18ஆம் தேதி வருகிறேன். கோர்ட் வேண்டாம் என்று நீ நினைத்தால், நான் அதற்கும் தயார்.

சிவபாலன்


தூத்துக்குடி
22.2.2025

அத்தானுக்கு,

சக்கீனா முன்னால் வைத்தே படித்து அழுதுவிட்டேன். நேரே சிவன் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் வேலையைப் பார்த்தேன்.

ஆனால் அந்த நன்றி எனக்கு உரியதில்லை. கல்யாணமான மாசம் கொச்சி லோடுக்கு என்னையும் கூட்டிப்போனீர்களே, தென்காசி தாண்டி வண்டியை நிறுத்தி நாலு லாக்கையும் தொட்டுக் காட்டினீர்கள். "ஏளா, கண்ணால பாத்தா போதாது, தொட்டுப் பாக்கணும்" என்றீர்கள். அதைத்தான் எழுதினேன். அந்தப் படத்தில் பாதி உங்கள் பேச்சு. கடைசியில் வரும் நன்றிப் பட்டியலில் கோபத்தில் உங்கள் பெயரை விட்டுவிட்டேன். அது என் தப்பு. புது யார்டுகளுக்குப் போகும் படத்தில் முதல் பெயரே உங்களுடையதுதான்.

கோர்ட் விஷயத்தில் என் மனம் மாறவில்லை. பதினோரு வருஷம் வீட்டில் நான் சொன்ன எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை. பாஸுக்காக உட்காரவைத்த பிறகுதான் ஏறியிருக்கிறது. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், எனக்கு அது போதும்.

மார்ச் 25 அடுத்த படத்துக்கு ஷூட்டிங். நடித்துக் காட்ட ஒரு டிரைவர் வேண்டும். நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன்.

அனுசியா


மாப்பிள்ளையூரணி
19.3.2025

அனுசியாவுக்கு,

நேற்று கோர்ட் வாசலில் "சாப்ட்டியளா?" என்று நீ கேட்டாயே. சாப்பிட்டிருந்தேன். கையெழுத்துப் போட்டதில் வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை.

25ஆம் தேதி வருகிறேன். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று நீ சொல்லு. குறுக்கே பேசமாட்டேன்.

சிவபாலன்