கை தட்டினது சம்மதமில்ல சார்

இன்று காலை ரேஷன் கடைச் சுவரில் மைதா பசை காயாமல் மணத்தது. மறுபடியும் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டமாம், நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படித்ததும் உன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேனடி, தோழி. பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு என்ன ஆனதோ என்று பார்த்தார்கள்.

முதல் கூட்டம் திருப்போரூர்க் கல்யாண மண்டபத்தில் நடந்ததே, அதை எப்படி மறப்பேன்? நம் பக்கத்தில் இனி எங்கே வீடு, எங்கே ரோடு, எங்கே கம்பெனி என்று அரசு போட்ட திட்டத்தைத் திரையில் காட்டினார்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் நம் கால்வாயை அந்த வரைபடத்தில் காணோம். அந்த இடமெல்லாம் வீட்டுமனைக்கான மஞ்சள். கால்வாயை ஒட்டிய பள்ளத்தில்தான் என் வீடு.

அதிகாரி பேசி முடித்தார். நம் சனம் வழக்கம்போல் படபடவென்று கை தட்டியது. நானும்தான் தட்டினேன், போ! அவர் உடனே உதவியாளரிடம், "பொதுமக்கள் கைதட்டி வரவேற்றாங்கன்னு எழுதிக்குங்க" என்றார்.

நீ எழுந்தாய். "சார், சார்! அத்த எழுதாதீங்க. மைக்குல யார் பேசி முடிச்சாலும் நாங்க தட்டுவோம். கை தட்டினது சம்மதமில்ல சார்!"

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். முன்வரிசைக் கட்சிக்காரருக்கு மட்டும் முகம் கறுத்தது. "ஒக்காரும்மா. கவர்மெண்டு திட்டம் இது. குறுக்க பேசினா உங்க ஊருக்கு பஸ் ஸ்டாப்பு வராது."

"பஸ்ஸு வராட்டி நடந்து பூடுவோம். வூட்டுக்குள்ள தண்ணி வந்தா எங்க நடக்கிறது? இவ வூடு அங்கதான் கீது" என்று என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாய். வெட்கத்தில் செத்தேன். நீ மட்டும் அன்று பேசியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் பகீரென்கிறதடி.

அந்த அதிகாரி நல்ல மனிதர், நேரில் வந்து பார்த்தார். இறுதி வரைபடத்தில் கால்வாய் திரும்பி வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்தான் வரவேயில்லை. மெயின் ரோடு வரை நடக்கும்போதெல்லாம், "உன் வூட்டுக்காவ என் முட்டி தேயுது, ஒரு டீயாவது வாங்கிக் குடுடி" என்பாய். குடித்துவிட்டு சக்கரை பத்தலை என்று வேறு திட்டுவாய். அந்த நடையில் நீ இல்லாததுதான் எனக்கு வருத்தம், வேறு குறையொன்றும் இல்லை.

நம் ஆட்கள் இப்போது இப்படிப்பட்ட கூட்டங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். பேசி முடித்த அதிகாரிகள், கைதட்டல் வராமல் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நேற்றுதான் முதல் பெருமழை. கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. பயத்தில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினேன், தண்ணீர் கரை தாண்டாததைப் பார்த்து அப்புறம் நானே இறக்கி வைத்தேன். பேத்தி கீழேதான் படுப்பேன் என்று அடம்பிடித்தாள். சரியென்று தரையில் பாயை விரித்து, மழைச் சத்தத்தைக் கேட்டபடி, மதியம் முழுக்க இரண்டு பேரும் தூங்கினோம்.