அத்தை கண்ணுக்கு ஒரு வைர நெக்லஸ்

மார்ச் 4, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பல் டாக்டர் அம்மா இன்று ரிவர்ஸ் எடுத்து ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டார். "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பார்த்தாராம். லிப்ஸ்டிக் சரியாகத்தான் இருந்ததாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் ஒரு பிழைப்பு.

நாள் முழுக்கக் கத்திவிட்டு வருவதால் வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு வாய் திறக்காது. இன்றும் சத்தமில்லாமல்தான் கதவைத் திறந்தேன். ஹாலிலிருந்து அத்தையின் குரல். "கேஸ் சிலிண்டருக்கு நாளைக்கே சொல்லிடு. நீ மறந்துடுவே."

யாரிடம் பேசுகிறார்? இவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஹாலில் வேறு யாரும் இல்லை. மூலையில் ஆணியில் என் நீல ரெயின்கோட் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"காதுல விழுதா இல்லையா?"

பூனை மாதிரி ஓடிப்போய் ரெயின்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "சொல்லிடறேன் அத்தை" என்றேன்.

மார்ச் 5, புதன்

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகத்தை யார் பார்ப்பது.

மார்ச் 8, சனி

அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பார்வையில் நடுப்பகுதிதான் போய்க்கொண்டிருக்கிறதாம். ஓரம் கொஞ்ச காலம் தாங்கும். முதலில் எழுத்து போகும், அப்புறம் முகங்கள். வெளிச்சமும் அசைவும் கடைசி வரை ஓரளவு தெரியலாம் என்றார். அத்தை இப்போதே ஆளை நேராகப் பார்ப்பதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கோழி மாதிரி ஓரக்கண்ணால் பார்க்கிறார். நான் அதைக் கழுத்துவலி என்று நினைத்திருந்தேன். அடுத்தவர்களுக்கு எந்தப் பக்கம் கண் தெரியாது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். நல்ல தொழில்காரி.

திரும்பும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது திடீரென்று, "சிரிக்கக் கூடாது. எனக்கு ஒரு வைர நெக்லஸ் வாங்கணும்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தபிறகுதான் வண்டியை எடுத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டோடு காலம் தள்ளிய மனுஷி. வேலைக்கு இடைஞ்சல் என்று கழுத்தில் மெல்லிய சங்கிலிக்கு மேல் எதுவும் போட்டதில்லை.

"என் காசுல வாங்கறேன். நீ கூட வந்தாப் போதும்."

பாவம், எத்தனை வருஷ ஆசையோ. கண் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

"இந்த நேரத்துல எதுக்கு?" என்றார் இவர். என்னிடம்தான். அம்மாவிடம் கேட்கத் தைரியம் இல்லை. லிஃப்ட் மெக்கானிக், எந்த மாடியிலும் லிஃப்ட்டுக் குழிக்குள் இறங்குவார், அம்மா எதிரே மட்டும் கால் நடுங்கும்.

நாத்தனார் போனில் வந்தார். இவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. "அம்மா ஆசைப்பட்டா வாங்கிக் குடு. ஆனா அது அம்மா கழுத்துல இருக்கணும்" என்றார். எந்த 'ஆனா' எங்கே குத்த வேண்டும் என்று அண்ணிக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 15, சனி

முதல் கடை. உள்ளே நுழைந்ததுமே கண் கூசியது, அவ்வளவு விளக்கு. விற்பனைப் பெண் தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள். அத்தை ஒன்றையும் கழுத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"நீ போட்டுக் காட்டு."

போட்டேன்.

"தள்ளிப் போ. இன்னும் தள்ளி. இப்ப நட. திரும்பு."

காலையிலிருந்து ஊரையே லெஃப்ட்டு ரைட்டு என்று விரட்டுபவள், கடை நடுவில் பொம்மை மாதிரி திரும்பிக்கொண்டிருந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அத்தை கடைசியில் எழுந்துவிட்டார். "இங்க எல்லாமே மின்னுது. அந்த ஸ்டூல்கூட மின்னுது. இதை வெச்சு என்ன கண்டுபிடிக்கிறது?"

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது கடையிலும் அதே கதை. கால் வலி.

மார்ச் 22, சனி

இந்தக் கடையில் ஒரு பெரியம்மா. கொண்டையில் பேனா செருகியிருந்தார், வியாபாரப் பேச்சு அதிகம் இல்லை. அத்தை நேரடியாகவே கேட்டார்: "உங்க கடையில சாதாரண லைட் போட்ட இடம் இருக்கா? வீட்டுல இருக்கிற மாதிரி?"

கொண்டைப் பேனா கொஞ்சம் யோசித்தார். அப்புறம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, காவல்காரரையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கடை ஆட்கள் சாப்பிடும் அறை. மேஜையில் டிபன் பாக்ஸ்கள், கை கழுவும் தொட்டி, மேலே அழுக்கேறிய ஒரு டியூப்லைட். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கர் எச்சில் கையோடு எழுந்து நின்றார். "உக்காருங்க, உங்களைப் பாக்க வரலை" என்றார் அத்தை.

தொட்டிப் பக்கம் போய் நின்றேன். எனக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. பொடிப்பொடியாக நெருக்கிப் பதித்த கற்கள், முன்பக்க விளக்கில் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அந்த டியூப்லைட்டில் அது சோப்பு நுரை மாதிரி வெளுத்துக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே.

கடைசியாக மாட்டியதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நாலைந்து பெரிய கற்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தொங்குகின்றன. பல் விழுந்த வாய் மாதிரி. நடந்தால் ஒவ்வொன்றும் தனியாக ஆடுகிறது. நான் இரண்டடி வைத்திருப்பேன், அத்தை தலையைச் சாய்த்து, "அதுதான். அது அசையுது" என்றார்.

"அத்தை, இது நல்லாவே இல்ல. அந்தப் பொடிக்கல்லு எவ்வளவு அழகு."

"யாருக்கு வாங்கறோம்?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப எனக்குத் தெரியறதை வாங்கு."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவருடைய ஒல்லிக் கழுத்துக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. பிடித்த பிடியை விட்டால்தானே.

மார்ச் 30, ஞாயிறு

கொக்கியைச் சரிசெய்து இன்றுதான் கொடுத்தார்கள். மத்தியானம் பெட்டியைத் திறந்து அத்தையின் பின்னால் போய் நின்று கழுத்தில் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு?"

புரியவில்லை.

"என் கழுத்துல கிடந்தா எனக்குத் தெரியுமா? கண்ணு நல்லா இருக்கிறவளுக்கே அவ நெக்லஸ் தெரியாது. நீ போடு."

"இது உங்க ஆசை இல்லையா அத்தை?"

"என் ஆசைதான். நீ பாட்டுக்குச் சத்தமில்லாம வரே, சத்தமில்லாம போறே. குரல் கேட்டா ஆளைச் சொல்லிடுவேன், அதுதானே என் பொழப்பு. நீ வாயைத் திறந்தாத்தானே? அன்னைக்கு ரெயின்கோட்டுகிட்டப் பேசிட்டு இருந்தேன்."

நெக்லஸைப் பெட்டியில் திருப்பி வைத்தேன்.

"பதில் லேட்டா வந்துச்சு. அதுவும் மூச்சு வாங்கிட்டு வந்துச்சு. நீ ஓடி வந்து பக்கத்துல நின்னேன்னு புரிஞ்சுது. என்னை அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு நின்னே பாரு… அப்பதான் முடிவு பண்ணினேன்."

அழுதேன். அழுததை எழுத என்ன வெட்கம். அழுகையை மறைக்க, "மணி ஒண்ணு கட்டியிருந்தா செலவு மிச்சமாயிருக்கும்" என்றேன். "மணி கட்ட நீ என்ன மாடா?" என்றார். சமையலறை வாசலில் இவர் வெங்காயத்தோடு நின்றிருந்தார். வெங்காயம் இன்னும் உரிக்கவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் வைத்துப் பீரோவில் பூட்டிவிட்டேன். அம்மா கழுத்தில் இருக்க வேண்டியது என் கழுத்தில் இருந்தால் அண்ணி என்ன நினைப்பார்? கிழவியை ஏமாற்றி வாங்கிக்கொண்டாள் என்று ஊர் சொல்லாதா?

ஏப்ரல் 7, திங்கள்

ரெயின்கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் செய்ததாக நினைப்பு. இப்போது அத்தை பேச்சையே விட்டுவிட்டார். நான் முதலில் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறார். இன்று வந்து வெகுநேரம் நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே அவர், மடியில் கை வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில் இருப்பவர் மாதிரி.

நான் என்ன பொம்பளை. ஊர் என்ன சொல்லும்னு ஒருத்தியை இருட்டுல உக்கார வெச்சிருக்கேன்.

பீரோவைத் திறந்தேன். ரெயின்கோட்டையும் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலைக்கும் போட்டுக்கொண்டே போனேன். "மேடம், கல்யாணமா?" என்றார் பல் டாக்டர் அம்மா. ரோட்டைப் பாருங்க என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணி வந்திறங்கினார். கதவைத் திறந்ததும் கண் நேராக என் கழுத்துக்குத்தான் போனது. சமையலறைக்கு வந்து, "நல்லா இருக்கு. உனக்குன்னே அளவெடுத்த மாதிரி" என்றார். வாழைப்பழத்தில் ஊசி.

கொக்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தை ஹாலிலிருந்து, "எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்?" என்றார். நாங்கள் அவர் எதிரே, சமையலறை வாசல்படியில்தான் நின்றிருந்தோம். அண்ணி மெதுவாகக் கையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். அத்தை முகம் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

போனில் கேட்பது வேறு. அண்ணி அப்போதுதான் பார்க்கிறார்.

நெக்லஸை அவர் கையிலிருந்து எடுத்து அவர் கழுத்திலேயே மாட்டினேன். "ஒண்ணும் பேசாதீங்க அண்ணி. நடங்க" என்றேன்.

நடந்தார். அத்தை தலையைச் சாய்த்தார். அந்தக் கற்கள் போகும் பக்கமெல்லாம் முகம் கூடவே போனது. "வந்துட்டியா…" என்று என் பெயரை ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்ல. இது அவ ஆட்டம் இல்ல. இது பெரியவ. குதிகால் அதிர நடக்கிறவ." சிரித்தார்.

அண்ணி அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இருந்த நாளெல்லாம் நெக்லஸ் அண்ணி கழுத்தில்தான். தூங்கும்போதும் கழற்றவில்லை. கிளம்பும்போது செருப்பு மாட்டியபிறகு மறுபடி உள்ளே வந்தார். என்னைத் திருப்பி நிறுத்திப் பின்னாலிருந்து மாட்டிவிட்டார். கொக்கி அவருக்குச் சீக்கிரம் பிடிபடவில்லை. அதற்குக் கண்ணீரும் ஒரு காரணம்.

"கழட்டாதே" என்றார். இந்த முறை 'ஆனா' இல்லை.

ஜூன் 18, புதன்

நல்ல மழை. பயிற்சி வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது, நனைந்து வந்து சேர விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. தொண்டையும் சுத்தமாகக் கட்டிவிட்டது. சாவியைத் திருப்பி, செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். ரெயின்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கழுத்தில் கற்கள் ஆடின.

வெளியே இடி. நான் வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. அத்தை நாற்காலியில், டியூப்லைட்டுக்குக் கீழே. இப்போது முகங்கள் எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. இவருடையதுகூட.

ரெயின்கோட் பக்கம் அவர் திரும்பவில்லை. தலையைச் சாய்த்தார்.

"ஏன் இவ்வளவு லேட்டு? தலையைத் துவட்டு முதல்ல."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.